ஆர்தர் பிலிப்

சனவரி 26 ஆம் நாள் நம் நாட்டின் குடியரசு நாள் ஆகும். அன்று பள்ளிதோறும் மூவண்ணக் கொடி ஏற்றப்படுகிறது. அதே நாளில் கடல்களுக்கு அப்பால் ஆஸ்திரேலியாவிலும் கொடி ஏற்றுகின்றனர். அங்கு அது ஆஸ்திரேலியா நாள் எனப்படுகிறது. ஆனால், அந்நாட்டின் தொல்குடி மக்களுள் பலர் அன்று விழாக் கொண்டாடுவதில்லை. 1938 ஆம் ஆண்டு சனவரி 26 அன்று, வெள்ளையர் குடியேற்றத்தின் நூற்றைம்பதாம் ஆண்டு விழா ஆரவாரமாக நடந்துகொண்டிருந்த போது, தொல்குடித் தலைவர்கள் சிட்னி நகரின் ஓர் அரங்கில் கூடி, அந்நாளைத் துக்க நாள் என்று அறிவித்தனர். ஒரே நாள் ஒருவருக்கு விழாவாகவும் மற்றவருக்குத் துயரமாகவும் ஆனது எவ்வாறு? அதனை அறிய, 1788 ஆம் ஆண்டில் அக்கரையில் ஆங்கிலேயக் கொடியை நாட்டிய மனிதரின் வரலாற்றை அறிதல் வேண்டும். அவர் பெயர் ஆர்தர் பிலிப்.

பிறப்பும் இளமையும்

ஆர்தர் பிலிப் 1738 ஆம் ஆண்டு அக்டோபர் 11 ஆம் நாள் இலண்டன் மாநகரில் பிறந்தார். தந்தையார் ஜேக்கப் பிலிப், செருமானிய நகரமாகிய பிராங்பர்ட்டிலிருந்து இங்கிலாந்துக்குக் குடிபெயர்ந்தவர். மொழி கற்பித்துப் பிழைத்தவர் என்பர். தாயார் பெயர் எலிசபெத். பிற்காலத்தில் உலகின் மறுகோடியில் ஒரு குடியேற்றத்தை நிறுவப்போகும் பிள்ளை, தானே ஒரு குடியேறியின் மகனாகத்தான் பிறந்தது.

அது செல்வம் கொழித்த இல்லம் அன்று. ஏழைக் கடலோடிகளின் பிள்ளைகளுக்காகக் கிரீனிச்சில் ஓர் அறப்பள்ளி நடந்துவந்தது. சிறுவன் ஆர்தர் அங்கே சேர்ந்து எழுத்தும் கணக்கும் கடற்பயணக் கலையும் பயின்றான். பதினைந்து வயதில் திமிங்கில வேட்டைக் கப்பல் ஒன்றில் பயிற்சி ஊழியனாக அமர்த்தப்பட்டான். பனி மிதக்கும் வடகடலில் உறைபனியும் இரத்தமும் எண்ணெய்ப் புகையும் சூழ வேலை கற்ற அவனுக்கு, கப்பலில் உணவு குறைந்தால் மாந்தர் எவ்வாறு மாறுவர் என்பது இளமையிலேயே தெரிந்திருக்கும்.

1755 இல் பிலிப் ஆங்கிலேயக் கப்பற்படையில் சேர்ந்தார். ஏழாண்டுப் போர் எனப்படும் பெரும்போரில் பணியாற்றினார். போர் முடிந்ததும் படைத்தலைவர் பலருக்கு நேர்ந்ததே அவருக்கும் நேர்ந்தது: பாதி ஊதியத்துடன் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். திருமணம் செய்துகொண்டு, லிண்டர்ஸ்ட் என்னும் சிற்றூரில் பண்ணை வைத்து உழவு செய்தார். மணவாழ்க்கை நிலைக்கவில்லை, உழவறிவு மட்டும் நிலைத்தது. பின்னர்ப் போர்ச்சுகல் நாட்டுக் கப்பற்படையில் சில ஆண்டுகள் பணிபுரிந்து, தென்னமெரிக்கக் கரையில் போரிட்டார். அந்நாட்டு மொழியையும் கற்றார். 1783 இல் ஆங்கிலேயப் போர்க்கப்பல் ஒன்றின் தலைவராக இந்தியக் கடலுக்கும் வந்து திரும்பினார். கடலும் உழவும் அயல்மொழியும் அறிந்தவர். எனினும், ஐம்பது வயதை நெருங்கும் வரை புகழ் அவரை நாடி வரவில்லை.

பதினொரு கப்பல்கள்

அக்காலத்தில் இங்கிலாந்தின் சட்டம் மிகக் கொடியது. சிறு களவுக்கும் தூக்குத் தண்டனை உண்டு. தூக்கிலிருந்து தப்பியவர்களைக் கடல் கடந்த குடியேற்றங்களுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். நெடுங்காலம் அவர்கள் அமெரிக்காவுக்கே அனுப்பப்பட்டனர். அமெரிக்கர் போரிட்டு விடுதலை பெற்ற பின்னர் அவ்வழி அடைபட்டது. சிறைகள் நிரம்பின, தேம்ஸ் ஆற்றில் நிறுத்தப்பட்ட பழைய கப்பல்களில் கைதிகள் அடைக்கப்பட்டனர். இவர்களை எங்கே அனுப்புவது என்று அரசு தேடியபோது, 1770 இல் ஜேம்ஸ் குக் கண்டு வந்த பாட்டனி விரிகுடா நினைவுக்கு வந்தது. அங்கே மக்கள் வாழ்கின்றனர் என்பது குக்கின் குறிப்புகளிலேயே இருந்தது. எனினும் அம்மக்களின் இசைவைக் கேட்க வேண்டும் என்று இலண்டனில் முடிவெடுத்தோர் நினைக்கவில்லை. இக்கதையின் பிற்பகுதித் துன்பங்கள் அனைத்தும் இந்த ஒரு மறதியிலிருந்தே கிளைத்தவை.

1786 இல் பிலிப் அப்புதிய குடியேற்றத்தின் ஆளுநராக நியமிக்கப்பட்டார். புறப்படுவதற்கு முன் அவர் அரசுக்கு எழுதிய மடல்கள் மிகப் பல. கைதிகளுக்குப் போதிய துணி இல்லை, மருந்து இல்லை, புதிய இறைச்சியும் காய்கறியும் இல்லாமல் அனுப்பினால் பாதிப் பேர் வழியிலேயே இறப்பர் என்று விடாமல் முறையிட்டார். தாம் ஆளப்போகும் நாட்டில் அடிமை முறைக்கு இடம் இராது என்றும் முன்கூட்டியே எழுதிவைத்தார். அடிமை வணிகத்தில் ஆங்கிலேயர் செல்வம் குவித்துக்கொண்டிருந்த காலம் அது என்பதை இங்கு எண்ணிப் பார்க்க வேண்டும்.

1787 ஆம் ஆண்டு மே 13 ஆம் நாள் போர்ட்ஸ்மவுத் துறைமுகத்திலிருந்து பதினொரு கப்பல்கள் புறப்பட்டன. அவற்றுள் சிரியஸ், சப்ளை என்னும் இரண்டு படைக்கப்பல்கள். ஆறு கைதிக் கப்பல்கள். மூன்று சரக்குக் கப்பல்கள். ஏறத்தாழ 1,400 பேர் அவற்றில் இருந்தனர். அவர்களுள் 750 பேருக்கு மேற்பட்டோர் கைதிகள். ஆடவரோடு பெண்டிரும் குழந்தைகளும் இருந்தனர். பெரும்பாலோர் செய்த குற்றம் துணியோ உணவோ திருடியது. தெனரீஃப் தீவு, ரியோ டி ஜெனிரோ, கேப் டவுன் ஆகிய இடங்களில் நின்று, ஒவ்வோரிடத்திலும் காயும் கனியும் இறைச்சியும் வாங்கி ஏற்றிக்கொண்டு, எட்டு மாதங்களுக்கு மேல் பயணம் நீண்டது. அத்துணைத் தொலைவில் ஐம்பதுக்கும் குறைவானோரே இறந்தனர். அக்காலக் கடற்பயணங்களுள் இது அரிய செயல்.

1788 சனவரி 18 முதல் 20 வரை கப்பல்கள் பாட்டனி விரிகுடாவை அடைந்தன. குக் புகழ்ந்த அவ்விடத்தில் நல்ல நீரும் இல்லை, காற்றைத் தடுக்கும் மறைவும் இல்லை. பிலிப் சிறு படகுகளில் வடக்கே சென்று ஜாக்சன் துறைமுகத்தைக் கண்டார். ஆயிரம் கப்பல்கள் அச்சமின்றி நிற்கத்தக்க துறை அது. நன்னீர் ஓடை ஒன்று கடலில் கலக்கும் சிறு குடாவைத் தெரிந்தெடுத்து, அமைச்சர் சிட்னி பிரபுவின் பெயரை அதற்குச் சூட்டினார். சனவரி 26 அன்று அங்கே கொடி ஏற்றப்பட்டது. அக்குடாவுக்கு ஏற்கெனவே வாரான் என்னும் பெயர் இருந்தது. கடிகல் என்னும் குலத்தார் அதன் கரையில் மீன் பிடித்தும் கிளிஞ்சல் பொறுக்கியும் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்தனர்.

ஒரே அளவு உணவு

முதல் இரண்டு ஆண்டுகள் பசியின் ஆண்டுகள். கொண்டுவந்த விதைகள் மணற்பாங்கான மண்ணில் சரியாக முளைக்கவில்லை. மாடுகள் காட்டுக்குள் ஓடி மறைந்தன. கைதிகளுள் உழவு தெரிந்தவர் மிகச் சிலர். தாய்நாட்டிலிருந்து வரவேண்டிய கார்டியன் என்னும் சரக்குக் கப்பல் வழியில் பனிப்பாறையில் மோதியது. 1790 மார்ச்சில் சிரியஸ் கப்பலும் நார்போக் தீவின் பாறைகளில் சிக்கி உடைந்தது. ஒவ்வொரு நாளும் மக்கள் கடலை நோக்கி நின்றனர். பாய்மரம் எதுவும் தென்படவில்லை.

பிலிப்பின் பெருமை இக்காலத்தில்தான் விளங்கியது. உணவுப் பங்கீடு அனைவருக்கும் ஒன்றே என்று ஆணையிட்டார். ஆளுநருக்கும் கைதிக்கும் ஒரே அளவு. 1790 ஏப்ரலில் ஒருவருக்கு ஒரு வாரத்துக்குக் கிடைத்தது: பன்றி இறைச்சி ஒரு கிலோவுக்கும் குறைவு, மாவு ஒரு கிலோவுக்குச் சற்று மிகுதி, அத்துடன் சிறிது அரிசி அல்லது பட்டாணி. அரிசியில் இருந்த புழுக்களால் ஒவ்வொரு மணியும் தானே நகர்ந்தது என்று உடனிருந்த படைத்தலைவர் வாட்கின் டென்ச் எழுதி வைத்துள்ளார். பிலிப் தமக்கெனக் கொண்டுவந்திருந்த மாவையும் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டார். ஆளுநர் மாளிகைக்கு விருந்துக்கு அழைக்கப்பட்ட அதிகாரிகள் தங்கள் ரொட்டியைத் தாங்களே எடுத்துவர வேண்டியிருந்தது!

இம்முறை அனைவருக்கும் பிடிக்கவில்லை. கைதிக்கும் தமக்கும் ஒரே தட்டா என்று படைவீரர்கள் முணுமுணுத்தனர். ஆயினும் பிலிப் அசையவில்லை. களஞ்சியத்தில் தொடர்ந்து திருடிய படைவீரர் அறுவர் 1789 மார்ச்சில் தூக்கிலிடப்பட்டனர். கைதி திருடினாலும் காவலன் திருடினாலும் தண்டனை ஒன்றே என்பதை ஊர் முழுவதும் கண்டது. அத்தண்டனை கொடியதுதான்.

ஜேம்ஸ் ரூஸ் என்னும் கைதி உழவு அறிந்தவர். தண்டனைக் காலம் முடிந்த அவருக்கு 1789 இல் பரமாட்டாப் பகுதியில் நிலம் கொடுத்துப் பயிரிடச் செய்தார் பிலிப். ரூஸ் மரங்களை வெட்டி எரித்து, சாம்பலை மண்ணோடு கலந்து, கோதுமை விளைவித்தார். களஞ்சிய உணவு இனி வேண்டா என்று சொல்லும் நிலைக்கு உயர்ந்தார். முப்பது ஏக்கர் அவருக்கே உரிமையாயிற்று. இங்கிலாந்தில் காணி நிலமும் கனவில்கூடக் கிடைத்திராத ஒருவர் இங்கே நிலக்கிழார் ஆனார். ஆனால், பிலிப் கொடுத்த அந்த முப்பது ஏக்கர் பிலிப்புடையது அன்று. புரமட்டகல் என்னும் குலத்தார் அந்த ஆற்றங்கரைக்கு உரியவர். பரமாட்டா என்னும் ஊர்ப்பெயரே அவர்கள் மொழியிலிருந்து வந்தது. இன்று அவ்வூரையும் அதன் சுற்றுப்புறத்தையும் வாழ்விடமாகக் கொண்ட தமிழர் பலர்; அருகே முருகன் கோயில் ஒன்றும் எழுந்துள்ளது.

அரபனூ

தொல்குடி மக்களுடன் அன்போடும் நட்போடும் பழக வேண்டும் என்பது பிலிப்புக்கு அரசு இட்ட கட்டளை. அவரும் அதனையே விரும்பினார். தொடக்கத்தில் ஆயுதம் இன்றி, கைகளை விரித்துக்கொண்டு அவர்கள் முன் நடந்து சென்றார். அவருக்கு முன்வாய்ப் பல் ஒன்று இல்லை. அப்பகுதி ஆடவர் சிலருக்கும் அதே பல் இல்லை. சிறுவன் வளர்ந்து ஆடவன் ஆகும் சடங்கில் அப்பல்லை எடுத்துவிடுவது அவர்கள் வழக்கம். ஆகவே, தம்மைப் போன்ற ஒருவர் வந்திருக்கிறார் என்று அவர்கள் வியந்து பார்த்தனர்.

வியப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. வந்தவர்கள் திரும்பிச் செல்வதாக இல்லை, மரங்களை வெட்டினர், வலைவீசி மீன்களை அள்ளினர், ஈட்டிகளையும் படகுகளையும் திருடி, கப்பலேறுவோருக்கு விற்றனர். தொல்குடிகள் ஊரை அணுகாமல் விலகினர். அவர்கள் மொழி தெரிந்தால்தான் பேச முடியும். பேசினால்தான் நட்பு வளரும் என்று பிலிப் எண்ணினார். எண்ணம் நல்லது. அதற்கு அவர் தேர்ந்த வழியோ, ஒரு மனிதரைப் பிடித்துக் கட்டிக் கொண்டுவருவது.

1788 திசம்பர் 31 அன்று மேன்லி என்னும் கடற்கரையில் அரபனூ என்பவரைப் படைவீரர்கள் பிடித்தனர். தப்பியோடாதபடி அவர் மணிக்கட்டில் இரும்பு வளையம் பூட்டி, அதில் கயிறு கட்டினர். அரபனூ அதனை முதலில் அணிகலன் என்று எண்ணி மகிழ்ந்தார். அது எதற்கென்று புரிந்தபோது அவர் மகிழ்ச்சி சினமாக மாறியது. எனினும், அவர் மென்மையானவர்; குழந்தைகளுக்குத் தம் உணவில் பங்கு கொடுப்பவர். மெல்ல மெல்ல ஊரார் அனைவரும் அவரை நேசித்தனர்.

1789 ஏப்ரலில் துறைமுகத்தின் குகைகளிலும் கரைகளிலும் பிணங்கள் காணப்பட்டன. பெரியம்மை பரவியிருந்தது. தொல்குடி மக்கள் அந்நோயை முன்பு அறியாதவர். எனவே அது காட்டுத்தீயாய்ப் பரவியது. அப்பகுதி மக்களுள் பாதிப் பேர் இறந்திருப்பர் என்று பிலிப்பே கணித்தார். கடிகல் குலத்தில் எஞ்சியவர் மூவர் மட்டுமே என்று கேள்விப்பட்டார். நோயுற்றுக் கிடந்த நன்பரி என்னும் சிறுவனையும் பூரோங் என்னும் சிறுமியையும் ஊருக்குள் கொண்டுவந்து காத்தனர். அவர்களுக்குப் பணிவிடை செய்தவர் அரபனூ. அவர்கள் பிழைத்தனர், அரபனூவை நோய் பற்றியது. மே மாதம் அவர் இறந்தார். பிலிப் தம் தோட்டத்திலேயே அவரை அடக்கம் செய்து, அருகில் நின்று துயருற்றார். நண்பர் ஒருவரை இழந்த துயரம் அது என்பதில் ஐயமில்லை. அந்த நண்பர் கயிற்றால் கட்டிக் கொண்டுவரப்பட்டவர் என்பதும் உண்மை.

தந்தை, மகன்

அதே ஆண்டு நவம்பரில் மேலும் இருவரைப் பிடித்தனர். ஒருவர் கோல்பீ, சில நாள்களில் தப்பிவிட்டார். மற்றவர் பென்னலாங். அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து. ஆடலும் பாடலும் வேடிக்கைப் பேச்சும் வல்லவர். ஆங்கிலத்தை விரைவில் கற்றார். ஊரே பசித்திருந்த காலத்தில் அவருக்கு மட்டும் மறைவாகக் கூடுதல் உணவு கொடுத்தனர். வெள்ளையரிடம் உணவு இல்லை என்பது காட்டுக்குள் தெரிந்துவிடக் கூடாதே என்னும் அச்சம்தான் காரணம்! பென்னலாங் பிலிப்பைத் தம் மொழியில் தந்தை என்று அழைத்தார். பிலிப் அதே மொழியில் அவரை மகன் என்று அழைத்தார். தம் பெயர்களுள் ஒன்றையும் பென்னலாங் அவருக்குக் கொடுத்தார். அம்மக்களிடையே பெயரைக் கொடுப்பது உறவை உண்டாக்கும் செயல். 1790 மே மாதம் ஓர் இரவில் மகன் வேலி தாண்டிக் குதித்துத் தம் மக்களிடம் சென்றுவிட்டார்.

செப்டம்பர் 7 அன்று மேன்லிக் கரையில் திமிங்கிலம் ஒன்று ஒதுங்கியது. அதனை உண்ணத் தொல்குடிகள் பெருந்திரளாகக் கூடியிருந்தனர். பென்னலாங் அங்கு இருப்பதாக அறிந்து பிலிப் படகில் விரைந்தார். இருவரும் சந்தித்து அளவளாவினர். பென்னலாங் பழைய நண்பர்களின் நலத்தை எல்லாம் கேட்டார். அப்போது வில்லமெரிங் என்பவர் ஈட்டியுடன் சற்றுத் தொலைவில் நின்றார். பிலிப் அவரை நோக்கிக் கைநீட்டி நடந்தார். ஈட்டி பாய்ந்து தோளில் நுழைந்து முதுகுப்புறம் வெளிவந்தது. நீண்ட ஈட்டி தரையில் இழுபட, ஆளுநர் படகை நோக்கி ஓடினார். ஒருவர் அதனை ஒடித்த பின்பே அவரால் ஏற முடிந்தது. சிட்னி சேரும் வரை குருதி வழிந்தது.

ஆட்களைக் கடத்திய குற்றத்துக்கு அம்மக்களின் சட்டப்படி பிலிப் பெற்ற தண்டனையே இது என்று இன்றைய ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். பிலிப் அவ்வாறு நினைத்தாரோ இல்லையோ, பழிவாங்கக் கூடாது என்று கண்டிப்பாக ஆணையிட்டார். சில நாள்களில் இருவரும் மீண்டும் சந்தித்தனர். பென்னலாங் அஞ்சாமல் ஊருக்குள் வந்தார். அவர் மக்களும் வந்தனர். அவர் விரும்பியபடியே, துறைமுகத்தின் முனை ஒன்றில் பன்னிரண்டு அடிச் சதுரமான செங்கல் வீடு ஒன்றைப் பிலிப் கட்டிக்கொடுத்தார். அம்முனைக்கு இன்றும் பென்னலாங் முனை என்றே பெயர். விரிந்த பாய்களைப் போன்ற கூரைகளுடன் உலகம் அறிந்த சிட்னி இசை அரங்கம் நிற்பது அந்த இடத்தில்தான்.

பத்துத் தலைகள்

பிலிப்பின் வரலாற்றில் எளிதில் கடந்து செல்ல முடியாத பக்கம் ஒன்று உண்டு. 1790 திசம்பரில் அவருடைய வேட்டைக்காரர் ஜான் மெக்கின்டயர் என்பவரைப் பெமுல்வூய் என்னும் வீரர் ஈட்டியால் தாக்கினார். மெக்கின்டயரைத் தொல்குடிகள் அனைவரும் அஞ்சி வெறுத்தனர். பென்னலாங் அவரைத் தம் அருகிலேயே வரவிடமாட்டார். அதற்குக் காரணம் இல்லாமல் இருந்திருக்காது. ஆனால், தம் தோளில் ஈட்டி பாய்ந்தபோது பொறுமை காத்த பிலிப் இப்போது பொறுக்கவில்லை. பாட்டனி விரிகுடாப் பக்கத்து ஆடவர் இருவரைப் பிடித்து வருமாறும், பத்துப் பேரைக் கொன்று தலைகளைக் கொண்டு வருமாறும் ஆணையிட்டார். தலைகளைப் போடப் பைகளும் கொடுக்கப்பட்டன. குற்றவாளி யார் என்று தெரிந்திருந்தும், கண்ணில் படும் எவராயினும் ஆகட்டும் என்பதே ஆணை.

படைக்குத் தலைமை ஏற்ற டென்ச், எண்ணிக்கையைக் குறைத்து அறுவரைப் பிடித்து வரலாம் என்றார், ஆளுநர் இசைந்தார். வில்லியம் டாஸ் என்னும் இளம் அதிகாரி இன்னும் ஒருபடி மேலே சென்றார். இச்செயலில் பங்கு கொள்ளமாட்டேன் என்று எழுதியே கொடுத்தார். படையில் மேலதிகாரியின் ஆணையை மறுப்பது எளிய குற்றம் அன்று. பாதிரியார் எடுத்துச் சொன்ன பின்னர் மனமின்றிச் சென்றார். திரும்பியதும், சென்றதற்காக வருந்துவதாக வெளிப்படையாகச் சொன்னார். ஐம்பது வீரர்கள் சதுப்பு நிலத்தில் நாள்கணக்கில் அலைந்தும் ஒருவரையும் பிடிக்க முடியவில்லை. ஆணை நிறைவேறவில்லை, ஆயினும் ஆணை இடப்பட்டது. டாஸ் மேலும் அங்கேயே தங்க விரும்பினார். இக்கருத்து வேறுபாடும் ஒரு காரணமாக 1791 இறுதியில் அவர் தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்டார். பெமுல்வூய் மேலும் பல ஆண்டுகள் குடியேறிகளை எதிர்த்துப் போராடி, 1802 இல் சுட்டுக் கொல்லப்பட்டார்.

திரும்பும் கப்பல்

1790 சூன் மாதத்தில் இரண்டாம் கப்பல் தொகுதி வந்தபோது, பிலிப்பின் முதற் பயணம் எத்தகையது என்பது எல்லோருக்கும் விளங்கிற்று. இம்முறை கைதிகளைக் கொண்டுவரும் பணி இலாபம் தேடும் ஒப்பந்தக்காரர்களிடம் விடப்பட்டிருந்தது. கைதிகளுள் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் கடலிலேயே இறந்தனர். பிழைத்தவர்களுள் பலர் நடக்க இயலாமல் தவழ்ந்து கரையேறினர். பிலிப் கடுஞ்சினத்துடன் அரசுக்கு எழுதினார்.

பசியும் முற்றிலும் தீரவில்லை. அட்லாண்டிக் என்னும் கப்பலை அவர் கல்கத்தாவுக்கு அனுப்பினார். 1792 சூன் மாதம் அக்கப்பல் அரிசியும் ரவையும் பருப்பும் ஏற்றிக்கொண்டு திரும்பியது. ஆங்கிலேயக் கைதிகள் நம் நாட்டுப் பருப்பை எவ்வாறு சமைத்து உண்டனரோ! அதே அட்லாண்டிக் கப்பலில்தான் 1792 திசம்பரில் பிலிப் தாயகம் திரும்பினார். விலாவில் தீராத வலி அவரை நெடுநாளாக வாட்டியிருந்தது. அவருடன் பென்னலாங்கும், எம்மராவானி என்னும் இளைஞரும் இங்கிலாந்துக்குச் சென்றனர். இம்முறை அவர்களைக் கட்டி இழுக்கவில்லை, தாமாகவே ஏறினர். குளிர்நாடு எம்மராவானிக்கு ஒவ்வவில்லை. 1794 இல், ஏறத்தாழ பத்தொன்பது வயதில், அவர் அங்கேயே இறந்து எல்தாம் என்னும் ஊரின் தேவாலய வளாகத்தில் புதைக்கப்பட்டார்.

பென்னலாங் 1795 இல் ஊர் திரும்பினார். பழைய ஆளுநர் இல்லை. வேலிகளும் வயல்களும் பெருகியிருந்தன. சில காலத்துக்குப் பின் வெள்ளையர் ஊரை விட்டு விலகி, பரமாட்டா ஆற்றங்கரையில் தம் மக்களோடு வாழ்ந்தார். 1813 சனவரி 3 அன்று அவர் இறந்தபோது சிட்னியின் செய்தித்தாள் அவரை இகழ்ந்தே எழுதியது. அவருடைய குலத்தார் அவரைத் தம் மூத்தோராகவே மதித்தனர் என்று பின்வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன.

பிலிப் மீண்டும் கப்பற்படையில் பணியாற்றி உயர்பதவிகள் பெற்றார். பக்கவாதத்தால் ஒரு கை செயலிழந்த நிலையில் பாத் நகரில் இறுதிக் காலத்தைக் கழித்து, 1814 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 31 அன்று காலமானார். அவர் விட்டுவந்த ஊர் பெருநகரம் ஆயிற்று. அவருக்குச் சிட்னித் தோட்டத்தில் உயர்ந்த சிலை உண்டு. அவர் கொடி நாட்டியபோது அந்நிலம் எவருக்கும் உரியதன்று என்பதுபோல் ஆங்கிலேயச் சட்டம் நடந்துகொண்டது. அக்கொள்கை வீழ்வதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. டோரஸ் நீரிணைத் தீவைச் சேர்ந்த எடி மாபோவும் அவருடைய தோழர்களும் தொடுத்த வழக்கில், குடியேறிகள் வருமுன்பே அம்மக்களுக்கு நில உரிமை இருந்தது என்று ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் 1992 சூன் 3 அன்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பைக் கேட்க மாபோ உயிரோடு இல்லை. சில மாதங்களுக்கு முன் இறந்திருந்தார்.

தாய்நாட்டுக்கு அனுப்பப்பட்ட டாஸ், தம் பெட்டியில் சில சிறு குறிப்பேடுகளைக் கொண்டு சென்றிருந்தார். சிட்னியின் கரையில் பட்யகராங் என்னும் பதின்ம வயதுப் பெண் அவருக்குத் தன் மொழியைக் கற்பித்தாள். அவரும் அவளுக்கு ஆங்கிலம் படிக்கக் கற்பித்தார். அவள் சொன்ன சொற்களையும் சிறு சிறு உரையாடல்களையும் டாஸ் அவ்வேடுகளில் எழுதிவைத்தார். நூற்றெண்பது ஆண்டுகள் போல அவை கவனிப்பாரற்று இலண்டனில் ஒரு நூலகத்தில் கிடந்தன. அதற்குள் சிட்னியில் அம்மொழியைப் பேசுவோர் அருகிவிட்டனர். இப்போது அம்மக்களின் வழித்தோன்றல்கள் அவ்வேடுகளைக் கொண்டே தம் முன்னோர் மொழியைக் கற்றுவருகின்றனர். அதில் ஒரு சொல் புடுவா என்பது. தீயில் தன் கையைச் சூடாக்கி, பிறகு மற்றவரின் விரல்களை மெல்லப் பற்றி அழுத்துதல் என்று டாஸ் அதற்குப் பொருள் எழுதியிருக்கிறார்.